லூபஸும் மறதியும்: சோதனைக்கு நேரில் போவதா, வீட்டிலிருந்தே எடுப்பதா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 36 வயது. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) இருப்பது தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. நோய் இப்போது கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று எனக்கு லூபஸ் சிகிச்சை தரும் ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டர் சொல்கிறார். ஆனால் ஒரு வருடமாகத் தலைக்குள் புகைமூட்டம் போட்ட மாதிரி இருக்கிறது. ஒரே இன்வாய்ஸை இரண்டு முறை பதிந்துவிடுகிறேன். மீட்டிங்கில் மூன்று பேர் மாறி மாறிப் பேசினால் தொடர முடிவதில்லை. போன மாதம் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மகளை டியூஷனில் விடப் போய்விட்டேன். நினைவாற்றலையும் கவனத்தையும் சோதித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். கோலாலம்பூருக்கு நேரில் போய் எடுக்கலாம், இல்லையென்றால் வீட்டிலிருந்தே வீடியோ வழியாக எடுக்கலாம். அவ்வளவு தூரம் போய் வந்தால் நான் இரண்டு நாள் படுத்துவிடுவேன். வீட்டில் எடுத்தால் முடிவு சரியாக வருமா? அம்மா, 'அதிகமா யோசிக்காதே, எல்லாம் சரியாப் போகும்' என்கிறார். எனக்கோ சின்ன வயதிலேயே மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

அன்புச் சகோதரி,

கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது மனதில் இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது.

லூபஸில் வரும் மறதியும் வயதானவர்களுக்கு வரும் அல்சைமர் மறதியும் ஒன்றல்ல. அல்சைமர் வருடம் போகப் போகக் கீழ்நோக்கி மட்டுமே நகரும். லூபஸில் பெரும்பாலோருக்கு இது கூடும், குறையும், அல்லது ஒரே நிலையில் நிற்கும். பாதிக்கப்படும் இடமும் வேறு. லூபஸ் உள்ளவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கவனத்தில், யோசிக்கும் வேகத்தில், ஒரே நேரத்தில் இரண்டு வேலையை மனதில் வைத்துக்கொள்வதில், புதிதாகக் கேட்டதைத் திரும்ப எடுப்பதில். நீங்கள் எழுதியிருக்கும் இன்வாய்ஸ், மீட்டிங், குழம்பு மூன்றுமே இந்த வகைதான். இது உங்கள் கற்பனையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. லூபஸால் நரம்பும் மனமும் சார்ந்து வரக்கூடிய 19 நிலைகளை அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 1999இல் வரையறுத்தது. அந்த வரிசையில் இதற்கும் தனிப் பெயரோடு இடம் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் உங்களைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறார், ஆனால் யோசிக்காமல் இருந்தால் போய்விடுகிற விஷயம் இல்லை இது.

இனி கேள்விக்கு வருகிறேன். என் பதில்: பாதியை வீட்டில் எடுங்கள், பாதியை நேரில் எடுங்கள். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. உங்கள் நிலைக்கு இதுதான் நியாயமான முடிவைத் தரும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோதனை என்றால் என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சோதிப்பவர் 15 சொற்களை மெதுவாக வாசிப்பார். நினைவில் நின்றதை நீங்கள் சொல்ல வேண்டும். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்பார். நடுவில் வேறு பட்டியல் ஒன்று வரும். சுமார் அரை மணி நேரம் கழித்து, திரும்ப வாசிக்காமலேயே முதல் பட்டியலைக் கேட்பார். அப்புறம் எண்கள்: அவர் சொன்ன வரிசையிலேயே சொல்ல வேண்டும், பிறகு தலைகீழாகச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று பார்ப்பார். இவை எல்லாம் வாயாலும் காதாலும் நடப்பவை. இன்னொரு வகை கையாலும் கண்ணாலும் நடப்பது. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் 1, ஏ, 2, பி என்று மாற்றி மாற்றிப் பென்சிலால் இணைப்பது, ஒவ்வொரு குறிக்கும் உரிய எண்ணை 90 விநாடியில் முடிந்தவரை நிரப்புவது, ஒரு படத்தைப் பார்த்து வரைவது, இப்படி.

ஒரே ஆளை நேரிலும் வீடியோவிலும் சோதித்து ஒப்பிட்ட ஆய்வுகள் பல இருக்கின்றன. வாயால் நடக்கும் சோதனைகளில் இரண்டு மதிப்பெண்ணும் பெரும்பாலும் நெருங்கியே வருகின்றன. கையால் செய்பவற்றில் அந்த அளவு உறுதி இல்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். லூபஸ் உள்ள இளம் பெண்களை வைத்துச் செய்தவை குறைவு. அதனால்தான் சொற்பட்டியலும் எண்களும் வீடியோவில் போகட்டும், பென்சில் பிடிக்கும் பகுதி நேரில் நடக்கட்டும் என்கிறேன்.

கை விஷயத்தில் லூபஸுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. விரல் மூட்டு வலித்தால் கை மெதுவாக நகரும். கடிகாரத்துக்கு அது வலியா மூளையின் வேகமா என்று தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தால் நீங்கள் பென்சிலை மாற்றிப் பிடிப்பதையும் மணிக்கட்டை உதறுவதையும் நான் பார்ப்பேன். வீடியோவில் எனக்குத் தெரிவது உங்கள் முகமும் தோளும்தான். குறிகளுக்கு எண் நிரப்பும் சோதனையை வாயால் சொல்லியும் செய்யலாம். கைவலி உள்ளவர்களுக்கு நான் அந்த முறையைத்தான் எடுப்பேன். நீங்களும் கேட்டுப் பெறுங்கள். அப்படிக் கேட்பது சலுகை இல்லை.

கண்ணும் அப்படித்தான். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை ஐந்து வருடத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை வேண்டும். ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தால் கண்புரை வரலாம். நிறங்களை வைத்து நடக்கும் சோதனையில் கண் மங்கியிருந்தால் அந்தக் குறை மூளையின் கணக்கில் ஏறிவிடும். உங்களுக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது. கடைசியாகக் கண் காட்டியது எப்போது என்று பாருங்கள். இந்த வருடம் காட்டவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

வீடியோ வழியில் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்குச் சொற்பட்டியல் சோதனை செய்தேன். மிக அழகாகச் சொன்னார், 15க்கு 14. எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அவர் அன்றாடம் படும் பாட்டுக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் பொருந்தவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: மேசைக்கு அந்தப் பக்கம் கணவர் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் உதட்டை அசைத்துக் காட்டியிருக்கிறார். மனைவி 'ஃபெயில்' ஆகிவிடக் கூடாது என்ற பாசம். அந்தப் பாசத்தால் அவருக்குக் கிடைக்க வேண்டிய உதவி நான்கு மாதம் தள்ளிப்போனது. பழகிய சொற்கள் மறக்கட்டும் என்று காத்திருந்து, வேறு பட்டியலை வைத்துத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அந்த அறையில் வேறு யாரும் இல்லை என்று கேட்டு உறுதி செய்யாமல் நான் தொடங்கியிருக்கக் கூடாது. இப்போது கேமராவை அறை முழுக்க ஒரு சுற்று சுற்றிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

ஆகவே வீட்டில் எடுக்கும் அன்று அறையில் நீங்கள் மட்டும் இருங்கள். கதவைச் சாத்துங்கள். மேசையில் தாளும் பேனாவும் வேண்டாம். மகளை அந்த ஒன்றரை மணி நேரம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கைப்பேசியின் சின்னத் திரையில் எடுக்காதீர்கள், மடிக்கணினி வேண்டும். இணையத்தை முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் அரை விநாடி விட்டால்கூட அந்தக் கேள்வி வீணாகிவிடும். திரும்பக் கேட்டால் இரண்டாவது முறை கேட்ட பலன் சேர்ந்துவிடும். லைன் விட்டால் உடனே சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லிச் சமாளிக்காதீர்கள்.

அடுத்தது மொழி. இதைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் எனக்குத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். வேலையில் இன்வாய்ஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் மலாய் படித்திருப்பீர்கள். சரி, மனதுக்குள் எண்ணும்போது எந்த மொழியில் எண்ணுகிறீர்கள்? நம் ஊரில் தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் பேசுவது தமிழ், எண்ணுவது ஆங்கிலம், பேரம் பேசுவது மலாய். மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னால், 'ஆடு, மாடு, புலி, கூரா கூரா, ஸீப்ரா' என்று மூன்று மொழியும் கலந்துதான் வரும். அது மூளைக் கோளாறு இல்லை, மலேசியத் தமிழரின் இயல்பான பேச்சு. ஆனால் நம்மைத் தெரியாத ஒருவர் 'ஒரே மொழியில் சொல்லுங்கள்' என்று இறுக்கினால், நீங்கள் மிருகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு மொழியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மதிப்பெண் இறங்கும். குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்கும் சோதனையும் ஆங்கில எழுத்துகளை வைத்து உருவானது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது.

இந்த இடத்தில் வீடியோ வழி உண்மையிலேயே உதவுகிறது. தமிழ் தெரிந்த உளவியலாளர்கள் நம் நாட்டில் குறைவு. நீங்கள் பட்டர்வொர்த்திலேயே இருந்துகொண்டு, நாட்டின் எந்த மூலையிலும் இருக்கும் தமிழ் தெரிந்த ஒருவரிடம் வாய்மொழிச் சோதனைகளை எடுக்கலாம். எந்த மொழியில் எதைச் சோதிப்பது என்று தொடங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பிறகு எப்போது திரும்ப எடுத்தாலும் அதே மொழிதான்.

'மதிப்பெண்' என்று சொல்லும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்த மதிப்பெண்ணை உங்கள் வயதும் படிப்பும் உள்ள மற்றவர்களின் அளவோடு வைத்துப் பார்த்துத்தான் குறைவா, சரியா என்று சொல்கிறோம். அந்த அளவுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில், நேரில் உட்கார வைத்துத் திரட்டப்பட்டவை. பட்டர்வொர்த்தில் மும்மொழி பேசும் பெண் ஒருவரை வீடியோவில் சோதித்து அந்த அளவோடு ஒப்பிட்டால், முடிவு தோராயமானதுதான். அறிக்கை எழுதுபவர் இதை அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்து எடுப்பது என்றால் எல்லாம் ஒன்றல்ல. எதிரே ஒருவர் வீடியோவில் இருந்து நடத்துவது ஒன்று. தொலைபேசியில் குரலை மட்டும் கேட்டு நடத்துவது இன்னொன்று. மோக்கா என்ற சிறு சோதனைக்கு நேரில் 30 மதிப்பெண். தொலைபேசியில் படம் வரையும், பார்க்கும் பகுதிகள் விடுபடுவதால் 22தான். அது தொடக்க நிலை வடிகட்டி மட்டுமே. முதியோர் மறதியைக் கண்டுபிடிக்க அமைந்த இத்தகைய பத்து நிமிடச் சோதனையில் உங்களைப் போன்றவர்கள் நன்றாகவே எடுத்துவிடலாம். 'நார்மல்' என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வகை, கணினி முன் நீங்களே தனியாகச் செய்வது. அமெரிக்க ராணுவத்துக்காக உருவான அப்படி ஒரு கணினிச் சோதனையை லூபஸ் ஆய்வுகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து வேகத்தை அளக்கும். மருத்துவமனைக் கணினியில் அது நல்ல கருவி. வீட்டுக் கணினியிலோ திரையும் மௌஸும் தரும் தாமதம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இதையெல்லாம் விட, கைப்பேசியில் விளம்பரத்தோடு வரும் 'உங்கள் மூளைக்கு எத்தனை வயது' வகைச் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். ராத்திரி தூக்கம் வராமல் கட்டிலில் படுத்துக்கொண்டு அவற்றைச் செய்து பார்த்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேரில் போகும் நாளைப் பற்றியும் சொல்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். விடியற்காலையில் கிளம்பி, வெயிலில் நடந்து, காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அதற்குப் பிறகு சோதனை எடுத்தால் அது உங்கள் களைப்பைத்தான் அளக்கும். இரவு பஸ்ஸில் வந்து காலை எட்டு மணிக்கு என் முன்னால் உட்கார்ந்தவர்கள் உண்டு. அப்படி வருபவர்களை இப்போது நான் சோதிப்பதில்லை. முதலில் உங்கள் டாக்டரிடம், அந்தப் பென்சில் பகுதியைப் பினாங்கிலேயே செய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழிப் பகுதி வீட்டிலேயே முடிந்துவிட்டால் மீதி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கோலாலம்பூர்தான் வழி என்றால், முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்கித் தூங்கிவிட்டு, மறுநாள் காலை பத்து மணி வாக்கில் நேரம் கேளுங்கள். கனமான ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். மருத்துவமனை ஏர்கானில் சில லூபஸ் நோயாளிகளுக்கு விரல் வெளுத்து நீலம் பாய்ந்து மரத்துவிடும். அந்தக் கையோடு பென்சில் பிடிக்க முடியாது.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். நோய் கிளம்பியிருக்கும் வாரத்தில் வேண்டாம். ஸ்டீராய்டு அளவைக் கூட்டிய உடனேயும் வேண்டாம், அது தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், அது ஆபத்து. நல்ல நாளும் இல்லாமல் மோசமான நாளும் இல்லாமல், உங்களுக்கு வழக்கமான ஒரு நாளில் எடுங்கள். பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுக்கும்போது, முதலில் வீடியோவில் எடுத்ததை வீடியோவிலேயே எடுக்க வேண்டும், நேரில் எடுத்ததை நேரிலேயே எடுக்க வேண்டும். முறையை மாற்றினால், வரும் வித்தியாசம் உங்களுடையதா முறையுடையதா என்று பிரிக்க முடியாது. நான் இரண்டு முறைகளையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனைக்கு முன் டாக்டர் பார்க்க வேண்டியவையும் உண்டு: ரத்தசோகை, தைராய்டு, பி12, தூக்கம். அப்புறம் ஆன்டிபாஸ்போலிப்பிட் எனப்படும் எதிர்ப்பொருள், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவது. அது இருப்பவர்களுக்கு இந்த மறதி அதிகம் காணப்படுகிறது. மனச்சோர்வைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தங்களுக்கு மறதி அதிகம் என்று உணர்பவர்கள் எல்லோரும் சோதனையில் குறைவாக எடுப்பதில்லை. அந்த உணர்வு பல நேரம் சோதனை மதிப்பெண்ணைவிட மனச்சோர்வோடும் களைப்போடும்தான் கூடுதலாக ஒத்துப்போகிறது. அப்படி இருந்தால் அது நல்ல செய்தி. மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

ஆனால் ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று குழப்பம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சு குழறல், இதுவரை வராத கடும் தலைவலி, காய்ச்சலோடு பிதற்றல், இல்லாத குரல் கேட்பது, இவற்றில் எது வந்தாலும் வீடியோவும் இல்லை, அப்பாயின்ட்மென்டும் இல்லை. 999க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சோதிப்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர் தொழில் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. வீடியோவில் பதிவு செய்கிறார்களா, அந்தப் பதிவு யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள். அறிக்கை உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் உரியது. வேலையிடத்தில் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு.

இன்றிலிருந்து இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். என்ன தவறியது, எத்தனை மணிக்கு, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உடம்பு வலி எப்படி இருந்தது. இன்வாய்ஸ் இரண்டு முறை பதிந்தது மதியம் மூன்று மணிக்கு மேல்தானா என்பது போன்ற விவரம் எனக்குச் சோதனை மதிப்பெண் அளவுக்கு உதவும். அதுவரை அடுப்பைப் பற்ற வைத்தால் கைப்பேசியில் அலாரம் வையுங்கள், குழம்பு இறங்கும்வரை அதை அணைக்காதீர்கள்.

நேரில் போகும் நாளில் அம்மாவையும் அழைத்துப் போங்கள். சோதனை அறைக்குள் அவர் வர வேண்டாம். ஆனால் சோதிப்பவர் அவரிடம் தனியாக அரை மணி நேரம் பேச வேண்டும். மறந்துபோனதே உங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அவர் இதுவரை சொல்லாமல் இருந்திருப்பார்.